டீசல் கார் கைவிட்டுருச்சு: இன்ஜின் வேலையா, பழைய பெட்ரோல் காரா?



வீட்டுல கார் நின்னுபோனா, மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளை பக்கம்தான் எல்லாரும் திரும்புவாங்க. "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, சொல்லு!" நமக்கு அந்த நேரத்தில் ஓட்டோ சைக்கிள், டீசல் சைக்கிள் வரைபடமெல்லாம் ஞாபகம் வரும். ஆனா "1,90,000 ரூபாய் போட்டு இன்ஜின் வேலை பார்க்கலாமா, இல்ல வேற வண்டி வாங்கலாமா?" என்ற கேள்விக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் விடை கிடையாது. எங்க வீட்டில் அந்தக் கேள்வி வந்தது. அதற்கு எப்படி விடை தேடினோம் என்பதுதான் இந்தக் கட்டுரை. நாளைக்கு உங்க வீட்டிலும் இதே கேள்வி வரலாம், படிச்சு வெச்சுக்கோங்க.

1. என்ன நடந்தது?

எங்களுடையது 2013-இல் வாங்கிய டீசல் கார். அப்பா அப்போது நூல் வியாபாரத்துக்காக ஈரோட்டிலிருந்து கரூர், திருப்பூர், சேலம் என்று வருஷத்துக்கு 25,000 கி.மீ. ஓட்டுவார். 2021-இல் ஊர்சுற்றலை நிறுத்திவிட்டு ஈரோட்டிலேயே கடை போட்டார். அதற்குப் பிறகு கார் போவது வீட்டுக்கும் கடைக்கும் நாலு கிலோமீட்டர், மாசம் ஒருமுறை சொந்தபந்தம் வீட்டு விசேஷம். மொத்தம் வருஷத்துக்கு 6,000 கி.மீ. தேறினால் அதிகம்.

ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, பெருந்துறை தாண்டி விஜயமங்கலம் டோல்கேட்டுக்கு முன்னால் பானெட்டிலிருந்து புகை. கூலன்ட் ஹோஸ் ஒன்று விரிசல் விட்டிருந்தது. அப்பா சொன்னார், "மீட்டர்ல முள்ளு நடுவுலதான்டா நின்னுச்சு." அவர் சொன்னது பொய்யில்லை. வெப்பநிலை சென்சார் கூலன்ட் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியான அளவைக் காட்டும். திரவம் வெளியே போய்விட்டால் அது வெறும் காற்றையும் நீராவியையும்தான் அளக்கும். இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் முள் சாதுவாக நிற்கலாம். முள்ளை மட்டும் நம்பாதீங்க. வாரம் ஒருமுறை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, கூலன்ட் அளவைக் கண்ணால் பாருங்க. இந்தக் கட்டுரையில் வேறெதுவும் ஞாபகம் இல்லாவிட்டாலும் இதை மட்டும் மறக்காதீங்க.

2. ஒரு ஹோஸ் போனதுக்கு ஏன் இன்ஜினே போகணும்?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பல கார்களைப் போல எங்கள் காரிலும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. வெப்ப விரிவு எண் அலுமினியத்துக்கு டிகிரிக்கு சுமார் 23 × 10⁻⁶, வார்ப்பிரும்புக்கு சுமார் 11 × 10⁻⁶. ஹெட்டின் நீளம் 400 மி.மீ. என்றும், வழக்கத்தைவிட 100 டிகிரி கூடுதலாகச் சூடேறியது என்றும் வைத்துக்கொள்வோம்.

விரிவு வித்தியாசம் = 400 × 12 × 10⁻⁶ × 100 = 0.48 மி.மீ.

அரை மில்லிமீட்டர்தானே என்று தோணும். ஆனா ஹெட் பரப்பு 0.05 மி.மீ. அளவுக்கு மேல் வளைந்தாலே ஹெட் காஸ்கெட் சரியாக அடைக்காது. அந்த 0.48 மி.மீ. தாராளமாக விரியவும் முடியாது. போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. விரிய முடியாத நீளம் தகைவாக மாறுகிறது. சூட்டில் அலுமினியத்தின் வலிமையும் குறைந்திருக்கும். ஹெட் வளைகிறது, சில நேரம் வால்வுகளுக்கு நடுவில் விரிசலும் விடுகிறது. வலிமையியல் பாடத்தில் நாம் மார்க்குக்காகப் போட்ட 'வெப்பத் தகைவு' கணக்குதான் இது.

பெட்ரோல் இன்ஜினும் இப்படிக் கொதித்தால் இதே கதிதான். ஆனால் டீசலில் பில் அங்கேயே நிற்காது. அழுத்த விகிதம் பெட்ரோலில் 10, 11 என்றால் டீசலில் 16 முதல் 18 வரை போகும். ஹெட்டும் காஸ்கெட்டும் தாங்க வேண்டிய அழுத்தம் அதிகம். காமன் ரெயில் அமைப்பில் எரிபொருள் 1,600 பார் அளவு அழுத்தத்தில், முடியளவுத் துளைகள் வழியாகப் பீய்ச்சப்படுகிறது. டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழல்கிறது. இவை எல்லாம் நுட்பமான பாகங்கள், விலையும் அதற்கேற்ப இருக்கும்.

எங்க மெக்கானிக் அண்ணன் சொன்னது: "ஹெட்டை லேத்துக்கு அனுப்பி லெவல் பண்ணிக்கலாமுங்க. ஆனா டர்போவுல ஆயில் கசியுது, இன்ஜெக்டர் நாலும் வீக். மொத்தமா ஒண்ணு தொண்ணூறு வருமுங்க. கீழ பிஸ்டன், பேரிங் எப்படி இருக்குதுன்னு திறந்து பார்த்தாத்தானுங்க தெரியும்."

'திறந்து பார்த்தாத்தான் தெரியும்' என்ற இந்த வாக்கியத்தை அடிக்கோடு போட்டு வெச்சுக்கோங்க. கடைசி முடிவு இதில்தான் இருக்கிறது.

இன்னொன்று. குட்டிக் குட்டி ஓட்டமும் டீசலுக்கு ஆகாது. நாலு கிலோமீட்டரில் இன்ஜின் முழுச் சூட்டுக்கே வராது. சரியாக எரியாத கரி, ஈஜிஆர் வால்விலும் இன்டேக் மேனிஃபோல்டிலும் படிந்துகொண்டே போகும். நெடுஞ்சாலையில் 25,000 கி.மீ. ஓடியபோது நோய் நொடி இல்லாமல் இருந்த வண்டி, 6,000 கி.மீ. ஓடியபோது அடிக்கடி பட்டறைக்குப் போனது இதனால்தான்.

3. அப்போ அப்பா டீசல் வாங்கினது தப்பா?

இல்லை. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக்கட்டுப்பாடு நீங்கியது; டீசலுக்கு நீங்கியது 2014 அக்டோபரில்தான். இடைப்பட்ட காலத்தில் சில சமயம் டீசல், பெட்ரோலைவிட லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் மலிவாக இருந்தது. அதோடு ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல், பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல். அழுத்த விகிதம் அதிகம் என்பதால் வெப்பத்திறனும் கூடுதல். வருஷத்துக்கு 25,000 கி.மீ. ஓடுகிறவர் 2013-இல் டீசல் வாங்கியது சரியான முடிவு.

பிறகு விலை வித்தியாசம் சுருங்கியது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்தது; புகையைச் சுத்திகரிக்கும் கருவிகளால் சின்ன டீசல் கார்களின் விலை ஏறும் நிலை. மாருதி சுசுகி அந்த மாதத்தோடு டீசல் கார் விற்பதையே நிறுத்தியது. நாடு மாறியது ஒரு பக்கம். எங்க வீட்டில் அதைவிடப் பெரிய மாற்றம், அப்பாவின் ஓட்டம் நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. வண்டி பழசானதை எல்லாரும் கவனிச்சோம், ஓட்டம் குறைஞ்சதை யாரும் கவனிக்கலை.

4. கணக்குப் போடலாம் வாங்க

ஐந்து வருடத்துக்கு இரண்டு வழிகளையும் ஒப்பிடுவோம். எண்கள் எங்க வீட்டு நிலவரப்படி; உங்க ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

வழி அ: டீசலைச் சரிசெய்து வைத்துக்கொள்வது
– இன்ஜின் வேலை: 1,90,000
– ஓடாத நிலையில் விற்றால் கிடைக்கும் தொகை (விற்காததால் இழப்பது): 80,000
– ஐந்து வருடப் பராமரிப்பு: 1,00,000
– 2028-இல் 15 வருடம் முடிவதால் ஆர்.சி. புதுப்பிப்பு, பசுமை வரி, அதற்கான தயார் வேலை: 15,000
– ஐந்து வருடம் கழித்து விற்றால் வரும் தொகை: 50,000 (கழிக்கவும்)
மொத்தம்: 3,35,000

வழி ஆ: 2016 மாடல் பெட்ரோல் கார் வாங்குவது
– விலை: 3,40,000
– பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், முதல் சர்வீஸ், இரண்டு டயர்: 35,000
– ஐந்து வருடப் பராமரிப்பு: 50,000
– ஐந்து வருடம் கழித்து விற்றால்: 1,50,000 (கழிக்கவும்)
மொத்தம்: 2,75,000

எரிபொருளைச் சேர்க்கும் முன் பெட்ரோல் 60,000 ரூபாய் லாபம். பலரும் 80,000 ரூபாய் வரியை விட்டுவிடுவார்கள். "நம்ம வண்டிதானே, அதுக்கு என்ன காசு?" என்பார்கள். அதை விற்றுக் காசாக்கும் வாய்ப்பை விட்டுக்கொடுக்கிறோம் இல்லையா, அதுவும் செலவுதான். பொருளாதாரப் பாடத்தில் 'வாய்ப்புச் செலவு' என்று படித்தது இதைத்தான்.

அடுத்து எரிபொருள். டீசல் லிட்டர் 93 ரூபாய், மைலேஜ் 20 என்றால் கிலோமீட்டருக்கு 4.65 ரூபாய். பெட்ரோல் 101 ரூபாய், மைலேஜ் 15 என்றால் 6.73 ரூபாய். வித்தியாசம் 2.08 ரூபாய்.

சமநிலைத் தூரம் = 60,000 ÷ 2.08 = சுமார் 28,800 கி.மீ. ஐந்து வருடத்துக்கு. அதாவது வருடத்துக்கு சுமார் 5,770 கி.மீ.

எங்க ஓட்டம் 6,000. கிட்டத்தட்ட சமம்! ராத்திரி பதினொரு மணிக்கு இந்த விடையைப் பார்த்து எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. கணக்கு முடிவு சொல்லும் என்று நினைத்தால், அது நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது.

நீங்க வருடத்துக்கு 15,000 கி.மீ. ஓட்டுகிறவர் என்றால் கதையே வேற. எரிபொருளில் 1,56,000 மிச்சம், அதில் 60,000 போக, டீசலைச் சரிசெய்வதே 96,000 ரூபாய் லாபம். "டீசல் காலம் முடிஞ்சுபோச்சு மச்சான்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

5. சமன் வந்தால் என்ன செய்வது?

எண்களைக் கொஞ்சம் ஆட்டிப் பார்க்கணும். இன்ஜினைத் திறந்தபின் செலவு 40,000 கூடினால்? பெட்ரோலின் முன்னிலை ஒரு லட்சம் ஆகும். சமநிலை வருடத்துக்கு 9,600 கி.மீ. என்று ஏறிவிடும். எங்களுக்கு டீசல் நஷ்டம். மாறாக, வாங்கும் பழைய பெட்ரோல் காரில் கிளட்ச், ஏசி கம்ப்ரஸர் என்று மறைந்திருந்த 40,000 ரூபாய்ச் செலவு வந்தால்? முன்னிலை 20,000 ஆகச் சுருங்கும்; சமநிலை 1,900 கி.மீ.க்கு இறங்கும். பெட்ரோல் நஷ்டம்.

இரண்டு பக்கமும் ஆபத்து ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. டீசலில் மறைந்திருப்பது காசு கொடுத்து, இன்ஜினைப் பிரித்த பிறகுதான் தெரியும். அப்போது பாதிப் பணம் போயிருக்கும், "வேண்டாம்" என்று திரும்ப முடியாது. பழைய காரில் மறைந்திருப்பதில் பெரும்பகுதியை, காசு கொடுப்பதற்கு முன்பே சோதித்துக் கண்டுபிடிக்கலாம். பிடிக்கவில்லையா, கும்பிடு போட்டுட்டு வந்துடலாம். கணக்கு சமமாக நின்றால், முன்கூட்டியே சோதிக்க முடிகிற பக்கம் போங்க. நாங்க பெட்ரோல் பக்கம் போனது இந்தக் காரணத்தால்தான். ஆனா சோதிக்காமல் வாங்கினால் இந்தக் காரணமே செல்லாது!

"அதே வண்டியில் பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிப் போட்டா என்ன?" என்று ஹாஸ்டலில் ஒருத்தன் கேட்டான். இசியூ, வயரிங், டேங்க், பம்ப், சைலன்சர் எல்லாமே மாறணும். அதோடு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இந்த மாதிரி மாற்றத்தை அனுமதிக்காது. அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினைத்தான் ஆர்டிஓ அனுமதியோடு மாற்றலாம்.

6. பழைய பெட்ரோல் காரைச் சோதிப்பது எப்படி?

நாங்க மூணு கார் பார்த்தோம். மூணும் மூணு பாடம்.

முதல் கார்: நாங்க போனபோதே பானெட் சூடு. "இப்பத்தான் கழுவி நிறுத்தினேன்" என்றார். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் நோய் தெரியும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. செயின் சத்தமும் முதல் சில விநாடிகளில்தான் கேட்கும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் சொல்லாமல் போய்ப் பாருங்க. அவர் இன்னொரு நாளுக்குச் சம்மதிக்கவில்லை. வந்துட்டோம்.

இரண்டாவது கார்: ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ப்ளூடூத் ஸ்கேனர் செருகினேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நம்ம டிபார்ட்மென்ட் லேபிலும் கேட்டுப் பாருங்க. பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை. ஆனா 'ரெடினெஸ் மானிட்டர்' பாதி முடியாமல் இருந்தது. குறியீடுகளை அழித்தால் மானிட்டர்களும் பூஜ்யத்துக்குப் போகும். திரும்ப முடிய சில நாள் ஓட்டம் வேணும். தினமும் ஓடுகிற வண்டி என்று சொல்கிறார், மானிட்டர் முடியவில்லை என்றால் யாரோ நேற்றைக்கு எதையோ அழித்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வரணும். விட்டுவிட்டோம்.

மூணாவது கார்: 58,000 கி.மீ., ஒரே ஓனர். குளிர் ஸ்டார்ட் சுத்தம். ஆயில் மூடியின் அடியில் காபி நிறப் பால் போன்ற படலம் இல்லை. மானிட்டர் எல்லாம் முடிந்திருந்தது. லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் +3 சதவீதம். இது +10-ஐத் தாண்டினால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது, அல்லது பம்ப் வலுவிழந்திருக்கிறது என்று பொருள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி கம்ப்ரஷன் பார்த்தோம்: 12.1, 12.0, 11.8, 12.2 பார். எண் எவ்வளவு என்பதைவிட, நாலுக்கும் நடுவில் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பதே முக்கியம்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆம் வாரத்தில் செய்தது. 58,000 ஓடிய வண்டியில் பெடல் ரப்பர் தேய்ந்து வழவழ என்று இருந்தால் மீட்டரை நம்பாதீங்க. பானெட், ஃபெண்டர் போல்ட் தலைகளில் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்க.

இ20 பெட்ரோல் பற்றியும் யோசிக்கணும். எத்தனாலில் லிட்டருக்குச் சுமார் 21 மெகாஜூல்தான். 20 சதவீதம் கலந்தால் ஆற்றல், சுத்தமான பெட்ரோலைவிட சுமார் 7 சதவீதம் குறையும். 2016 மாடல் வண்டி இ20-க்காகச் செய்யப்பட்டதல்ல. அதனால் மைலேஜைக் குறைத்தே, 15 என்று வைத்தேன். எரிபொருள் ஹோஸ்களில் வெடிப்பு, கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

7. காகித வேலை

– ஆர்.சி.யில் கடன் பதிவு இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேணும்.
– பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு பதிவு அலுவலக எல்லைக்குப் போகும் வண்டி என்றால் என்ஓசி-க்குப் படிவம் 28 கேட்பார்கள்.
– ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும், வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 50-ஆம் பிரிவு.
– நிலுவையில் இருக்கும் அபராதச் சலான்களைப் பரிவாஹன் தளத்தில் பார்க்கலாம்.
– இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்க பெயருக்கு மாற்றுங்க. 'நோ கிளெய்ம் போனஸ்' வண்டிக்கு அல்ல, ஆளுக்குச் சொந்தம். பழைய வண்டியை விற்கும்போது அதற்கான சான்றிதழை வாங்கி, புதிதாக வாங்கும் வண்டியின் பாலிசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஓடாத வண்டியை விற்கும்போதும் பெயர் மாற்றத்தை முடித்தே ஆகணும். "புரோக்கர் பார்த்துப்பார்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீங்க. ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

8. வாங்கிய பிறகு

முதல் வாரம் அப்பா சிக்னலுக்குச் சிக்னல் வண்டியை ஆஃப் பண்ணிட்டிருந்தார். பழைய 1.3 லிட்டர் டீசல், 2,000 ஆர்பிஎம்மிலேயே 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொடுக்கும். புதிதாக வந்த 1.2 லிட்டர் பெட்ரோல் கொடுப்பது 4,000 ஆர்பிஎம்மில் சுமார் 115. திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் மூணாவது கியரிலேயே இழுத்த பழக்கம் இதில் செல்லாது. ஒரு கியர் இறக்கி, இன்ஜினைச் சுற்ற விடணும். "இரைச்சல் போடுதேடா" என்றார். "அது கத்தறதில்லைப்பா, அதோட வேலையே அங்கதான்" என்றேன்.

பங்கில் அவர் வாயில் வருவது இன்னமும் "டீசல் ஃபுல் பண்ணுங்க"தான். பன்னிரண்டு வருஷப் பழக்கம். பெட்ரோல் காரில் டீசல் போட்டுவிட்டால் ஸ்டார்ட் பண்ணாமல், டேங்கைக் காலி செய்யத்தான் வேணும். அதனால் டேங்க் மூடியின் உள்பக்கம் 'பெட்ரோல்' என்று பெரிதாக ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். வீட்டில் வண்டி மாறினால் முதல் நாளே இதைச் செய்துவிடுங்க.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: உங்க வீட்டு வண்டியின் ஓடோமீட்டரை இன்றைக்கு ஒரு போட்டோ எடுத்து வையுங்க, ஒரு மாதம் கழித்து இன்னொன்று. வித்தியாசத்தைப் பன்னிரண்டால் பெருக்குங்க. வருஷத்துக்கு எவ்வளவு ஓடுகிறோம் என்ற அந்த ஓர் எண் கையில் இருந்தால், வண்டி நின்றுபோகும் நாளில் யார் எது சொன்னாலும் நீங்க பதறாமல் கணக்குப் போடலாம். கையோட கூலன்டையும் பார்த்துடுங்க!